கான்டஸாவை என்ஜினுக்காகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கான்டஸா93

வணக்கம். அப்பா வாங்கிய 1993 மாடல் கான்டஸா கிளாசிக், 1.8 பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி. கோவையில் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. கொரோனாவுக்கு அப்புறம் வெளியே எடுக்கவில்லை. ஆர்.சி. 2023-இல் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

என்ஜினும் கியர்பாக்ஸும் நிறுத்தும்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. புகை கிடையாது, ஆயில் குடிக்காது. பிரச்சினை பாடிதான். போன மாதம் டிங்கர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஜாக் வைக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. டிரைவர் பக்கத் தரை, இரண்டு பக்க ரன்னிங் போர்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழி, எல்லாமே பொடிந்துவிட்டது. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் வீட்டில் பேச்சே இல்லை.

இப்போது ஒருவர் கேட்கிறார். தன் அம்பாசிடருக்கு இந்த என்ஜினை ஏற்றப் போகிறாராம். என்ஜின், கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட் மட்டும் என்றால் 60 ஆயிரம். வண்டியை அப்படியே கொடுத்தால் 75. "பேப்பரெல்லாம் மாத்த வேண்டாம் சார், வண்டியை மட்டும் விடுங்க" என்கிறார். எப்படிக் கொடுப்பது நல்லது? ஆர்.சி.யை என்ன செய்வது? விலை சரிதானா?

குரோம்பம்பர்

கொடுக்காதீர்கள். அம்பாசிடர் 2014 மே மாதம் வரை உத்தரபாராவில் தயாரானது, இன்றைக்கும் தெருவுக்கு ஒன்று தேறும். கான்டஸா 1984-இல் வந்து 2002-இல் நின்றுபோனது. அதிலும் பெட்ரோல் 1.8, ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வண்டி என்றால் தேடிக்கொண்டு வருவார்கள். தரைத் தகரம் வெட்டி அடித்துவிடலாம். ஓடுகிற என்ஜினைக் கழற்றிவிட்டால் அந்த வண்டி அன்றோடு செத்தது. ஆறு மாதம் பொறுத்து, முழு வண்டியாகப் புதுப்பிப்பவர் யாருக்காவது விற்றுப் பாருங்கள்.

புதுப்பேட்டை_ஸ்பேனர்

குரோம்பம்பர் சார், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஜாக் பாயின்ட்டில் ஸ்க்ரூடிரைவர் இறங்கினால் அது தரை மட்டும் போன கதை இல்லை. கான்டஸாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியும் சேஸிஸும் ஒன்றுதான். ரன்னிங் போர்டு போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவு ஒழுங்காக மூடாது. அதைச் சரிசெய்ய ஆகிற செலவில் இதைவிட நல்ல பாடியோடு இன்னொரு கான்டஸாவே வாங்கிவிடலாம்.

கான்டஸா93 தம்பி, 75-க்கு முழு வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். 15 ஆயிரம் கூடுதல் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த 15-இல் அவருக்குப் போவது முன் கண்ணாடி, பின் கண்ணாடி, டேஷ்போர்டு, மீட்டர் செட், பின் விளக்கு இரண்டும், கிரில், கதவுக் கைப்பிடிகள், ஸ்டீயரிங் பாக்ஸ், பின் அச்சு இருக்கிற ஹவுசிங். கான்டஸா வைத்திருப்பவன் என்ஜின் தேடி அலைவதைவிடப் பின் விளக்கு தேடி அலைவதுதான் அதிகம். உடையாத பின் விளக்கு ஒரு ஜோடிக்குப் புதுப்பேட்டையில் எத்தனை பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஒரு வண்டியால் நாலைந்து கான்டஸா ரோட்டில் ஓடும். குரோம்பம்பர் சாருக்கும் அதுதானே வேண்டும்?

என்ஜின் விலை, அது வண்டியில் இருக்கும்போதே ஓடிக் காட்டுகிறதா என்பதைப் பொறுத்தது. கீழே இறக்கி வைத்த என்ஜினுக்கு "நல்லா ஓடிச்சு" என்று சொல்வதற்கு மதிப்பே இல்லை, பாதி விலைக்குக் கேட்பார்கள். ஆகவே முதலில் ஸ்டார்ட் பண்ணுங்கள். ஆனால் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். இத்தனை வருடம் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் இரண்டு சுற்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலைத் தொடவே வேண்டாம். அது நாறிப்போய் கார்புரேட்டர் ஜெட்டில் பிசினாய் ஒட்டும். கேனில் புதுப் பெட்ரோல் வைத்துத் தனி ஹோஸ் போட்டு பம்புக்குக் கொடுங்கள். பழைய ரப்பர் ஹோஸை நம்பாதீர்கள், இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலில் அது உரிந்துவிடும்.

ஆயில் மாற்றுவதற்கு முன் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெள்ளையாய் மோர் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். அது இல்லையென்றால் ஓட்டிச் சூடாக்கி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று) பார்த்து, வாங்குபவர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்பதுதான் முக்கியம். மூன்று 150 பி.எஸ்.ஐ., ஒன்று மட்டும் 100 என்றால் கதை வேறு.

தாள்_பார்ப்பவர்

என்ஜின் விஷயம் மேலே சொன்னவருக்குத் தெரியும். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"பேப்பர் மாத்த வேண்டாம், வண்டியை விடுங்க" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆர்.சி. உங்கள் அப்பா பெயரில் இருக்கும்வரை அந்த சேஸிஸ் நம்பருக்கு அவர்தான் பொறுப்பு. நம்பர் தகட்டைக் கழற்றி வேறொரு வண்டியில் மாட்டுவது, சேஸிஸ் நம்பர் அடித்த துண்டை வெட்டித் திருட்டு வண்டியில் வெல்டு வைப்பது எல்லாம் நடக்கிற சங்கதிதான். போலீஸ் முதலில் வந்து நிற்பது ஆர்.சி.யில் இருக்கிற விலாசத்தில். கேட்பவர் யோக்கியராகவே இருக்கட்டும். அவர் மிச்சத்தை யாரிடம் தள்ளுவார் என்று உங்களுக்குத் தெரியுமா?

முறையாகப் பெயர் மாற்றித் தரலாம் என்றாலும் முடிந்துபோன ஆர்.சி.யை முதலில் புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலில் 600 ரூபாய் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதக் கணக்கில் அபராதம், பசுமை வரி எல்லாம் தனி. அதோடு வண்டி எஃப்.சி.யில் தேற வேண்டும். ஸ்க்ரூடிரைவர் இறங்குகிற பாடி தேறாது.

ஆகவே ஒரு வழி: என்ஜினைத் தனியாக விற்றுவிட்டு, வண்டி இனி ஓடாது என்று எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைப்பது. மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு. வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போய்விட்டாலோ 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யைக் கொடுத்துவிட வேண்டும். கூடவே என்ன காகிதம் கேட்பார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் கொஞ்சம் மாறும், நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கூட்டைக் கொடுத்து டெபாசிட் சான்றிதழ் (வண்டியை ஒப்படைத்ததற்கான சான்று) வாங்குவது. புதுக் கார் வாங்கும்போது அதைக் காட்டினால் சாலை வரியில் சலுகை உண்டு. என்ஜின் இல்லாத கூட்டை எடுப்பார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பக்கத்துத் தெருக் காயலான் கடையில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஆர்.சி.யைப் பீரோவில் வைத்திருப்பது மட்டும் வேண்டாம்.

என்ஜின் விற்கும்போது ரசீது எழுதுங்கள். என்ஜின் நம்பர், எந்த வண்டியிலிருந்து எடுத்தது, வாங்குபவர் பெயர், விலாசம், இருவர் கையெழுத்து, அவருடைய அடையாள அட்டை நகல். இது உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

கான்டஸா93

நன்றி. முழு வண்டியைக் கொடுப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். கேட்டவரின் வண்டி 1978 அம்பாசிடர் மார்க் 3. இந்த இழையை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

மார்க்3

அந்த ஆள் நான்தான். பேப்பர் வேண்டாம் என்று சொன்னதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. உங்களுக்கு அலைச்சல் வேண்டாமே என்றுதான் சொன்னேன். தாள்_பார்ப்பவர் சொல்வது நியாயம், என்ஜின் மட்டும் போதும்.

என் வண்டியில் இருப்பது பழைய 1489 சி.சி. என்ஜின். கிராங்க் தேய்ந்து ஏற்கெனவே 40 சைஸுக்குக் கடைந்து மெலிந்தாயிற்று, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது (சிலிண்டர் காற்று கீழே கசிகிறது). இதை வைத்துக்கொண்டு ஏ.சி. போட்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏற முடியுமா? கான்டஸாவில் இருக்கிற இந்த இசுசு என்ஜினை அதன் பாக்ஸோடு ஏற்றினால் ஐந்தாவது கியரும் கிடைக்கும். இது புதுசாக நான் கண்டுபிடித்ததும் இல்லை. கான்டஸாவே முதலில் இந்த 1489 என்ஜினோடுதான் வந்தது. அந்த உடம்பை இழுக்கத் திணறியது என்றுதான் இசுசு போட்டார்கள். தொண்ணூறுகளில் அதே என்ஜினை அம்பாசிடரிலும் போட்டு 1800 ஐ.எஸ்.இசட். என்று விற்றார்கள். இரண்டு வண்டியையும் தயாரித்த கம்பெனியே செய்த கன்வெர்ஷனை நான் செய்தால் தப்பா?

ஸ்பேனர் அண்ணா, எவ்வளவு வேலை பிடிக்கும்?

புதுப்பேட்டை_ஸ்பேனர்

அம்பாசிடருக்கு வெளியே இருந்து ஏற்றுகிற என்ஜின்களில் இதுதான் சிரமம் குறைந்தது. இரண்டும் பின் சக்கரம் இழுக்கிற வண்டி, என்ஜின் நீளவாக்கில் உட்காருகிறது. ஆனால் "போல்ட்டை மாட்டினால் போதும்" என்று யாராவது சொன்னால் அவர் செய்து பார்த்தவர் இல்லை.

என்ஜின் மவுன்ட் பிராக்கெட் புதிதாக அடிக்க வேண்டும். பழைய கியர்பாக்ஸ் நாலு கியர், உங்கள் மார்க் 3-இல் லீவர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும். இசுசு பாக்ஸின் லீவர் தரையில் வரும். நடு டனலை வெட்டி எடுத்து, உயர்த்தி, வேறு தகரம் வைக்க வேண்டும். முன் பெஞ்ச் சீட் லீவருக்கு இடிக்கும். பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டமும் மாறும். புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கான்டஸாவிலிருந்து எடுத்தாலும் அப்படியே பொருந்தாது. முன் யோக் கான்டஸாவுடையது, பின் ஃபிளாஞ்ச் அம்பாசிடருடையது, நடுவில் குழாயை அளவுக்கு வெட்டி வெல்டு வைத்து லேத்தில் பேலன்ஸ் பார்க்க வேண்டும். பேலன்ஸ் பார்க்காமல் போட்டால் 70-இல் மொத்த வண்டியும் உதறும். மீட்டர் கேபிளும் ஒத்துவராது. ஒத்துவந்தாலும் பின் ஹவுசிங் பல் கணக்கு வேறு என்பதால் வேகம் தப்பாகக் காட்டும்.

ஆகவே வாங்கும்போது என்ஜின், பாக்ஸ் என்று நிறுத்தாதீர்கள். கிளட்ச் செட், ரேடியேட்டர் ஃபேன் கவருடன், ஏர் ஃபில்டர் பெட்டி, கார்புரேட்டர், ஆக்ஸிலேட்டர் கேபிள், சைலென்சரின் முன் குழாய், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், என்ஜின் பக்க வயரிங், டெம்பரேச்சர் சென்சார் அனைத்தையும் சேர்த்துப் பேசுங்கள். வயரிங்கை வெட்டி எடுக்காமல் சாக்கெட்டோடு பிரித்து எடுக்க வேண்டும். விற்பவருக்கு அதனால் நஷ்டமில்லை. இந்தச் சில்லறைச் சாமான்களைத் தனித்தனியாகத் தேடித்தான் பாதி கன்வெர்ஷன் பட்டறையிலேயே தூசி பிடித்து நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். நாலு பக்கமும் டிரம், பூஸ்டர் இல்லை என்றால் இசுசு ஏற்றி வால்பாறை ஏறிவிடுவீர்கள், இறங்குவது எப்படி? என் பட்டறைக்கு வந்தால் பிரேக் வேலை முடியாமல் என்ஜினை ஏற்ற மாட்டேன்.

சர்வேயர்_ஓய்வு

இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மார்க்3 அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

பாலிசியில் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், சி.சி. மூன்றும் இருக்கும். விபத்து என்று போனால் சர்வேயர் முதலில் பார்ப்பதே இந்த நம்பர்களைத்தான். ஆர்.சி.யில் 1489, பானட்டுக்குள் 1817 சி.சி. இசுசு என்றால் சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். எதிரே வந்தவருக்குக் காயம் என்றால் நஷ்ட ஈட்டை உங்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று கம்பெனி வாதாடும்.

சட்டம் 52-ஆவது பிரிவு: தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. மாற்றியவருக்கு 182ஏ பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், அல்லது இரண்டும். "எத்தனையோ ஓடுதே சார்" என்பீர்கள். ஓடுகிறதுதான். விபத்து நடக்கும்வரை எதுவும் தெரியாது.

தாள்_பார்ப்பவர்

கம்பெனியே செய்ததுதானே என்ற வாதம் பட்டறையில் எடுபடும், ஆர்.டி.ஓ. மேஜையில் எடுபடாது. 1800 ஐ.எஸ்.இசட். என்பது அந்த என்ஜினோடு ஒப்புதல் வாங்கிப் பதிவான தனி மாடல். உங்கள் மார்க் 3-க்கு அந்த ஒப்புதல் கிடையாது. எதுவானாலும் முன் அனுமதி கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிட்டுப் பணம் கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் வண்டிக்கு 2028-இல் 50 வயது. 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு, பழமையான வண்டி (வின்டேஜ்) என்று 'வி.ஏ.' நம்பர் வாங்கலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். இசுசு ஏறினால் அந்தக் கதவு மூடிவிடும்.

மார்க்3

வி.ஏ. நம்பர் வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்க முடியும், சாதாரணமாக ஓட்ட முடியாது என்று கேள்விப்பட்டேன். நான் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கும் இதில்தான் போகிறேன். எனவே அந்தக் கவலை எனக்கில்லை. இன்சூரன்ஸ் சங்கதிதான் யோசிக்க வைக்கிறது. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். கான்டஸா93, கொஞ்சம் பொறுக்க முடியுமா?

ஐஎஸ்இசட்_பொள்ளாச்சி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணுங்க. என்னிடம் 1996 அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். இருக்கிறது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்ததைக் கவனிக்காமல் டிரைவர் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஹெட் வளைந்ததோடு பிளாக்கிலும் விரிசல். வெல்டு வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. மார்க்3 அண்ணன் வேண்டாம் என்றால் எனக்குக் கொடுங்க. அதே விலை. அவர் வரிசையில் முதலில் நிற்கிறார், அதனால் அவர் சொல்லும்வரை நான் போன்கூடச் செய்ய மாட்டேன்.

குரோம்பம்பர்

ஆக, கான்டஸா செத்தது உறுதி, யார் எடுத்துப்போவது என்பதில்தான் பேச்சு. சரி. டேஷ்போர்டை மட்டும் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றச் சொல்லுங்கள், கடப்பாரை போட்டு நெம்பிவிடப் போகிறார்கள்.

சர்வேயர்_ஓய்வு

பொள்ளாச்சிக்காரர் வண்டி என்றால் காகிதம் எளிது. ஆர்.சி.யில் ஏற்கெனவே அதே வகை என்ஜின், அதே சி.சி. மாறுவது நம்பர் மட்டும். அதற்கும் முன் அனுமதி வாங்கி, என்ஜின் ரசீதையும் கான்டஸா ஆர்.சி. நகலையும் வைத்து, ஆர்.சி.யில் புது நம்பரைப் பதிந்துவிட வேண்டும். கையோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி பாலிசியில் திருத்திவிடுங்கள்.

மார்க்3

கேட்டுவிட்டேன். மாடலில் இல்லாத என்ஜினுக்கு அனுமதி தர வழியில்லை என்று நேரிலேயே சொல்லிவிட்டார்கள். வருத்தம்தான். என் பழைய என்ஜினையே இறக்கி வேலை பார்க்கப் போகிறேன். ஸ்பேனர் அண்ணா, ஸ்டாண்டர்டு சைஸ் கிராங்க் ஒன்று கண்ணில் பட்டால் சொல்லுங்கள். பொள்ளாச்சி தம்பி, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பேட்டை_ஸ்பேனர்

கிராங்க் இருக்கிறது. கடையாத சரக்கு, விரிசல் டெஸ்ட் பார்த்துத் தருகிறேன். வால்பாறைக்கு ஏ.சி. இல்லாமல் போங்கள், அங்கே எதற்கு ஏ.சி.?

கான்டஸா93

கேட்டவர்களுக்காக நிலவரம். ஸ்பேனர் அண்ணா சொன்னபடியே ஆயில் விட்டு, கையால் சுற்றி, கேன் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்தோம். முதலில் பொள்ளாச்சிக்காரர் முகத்துக்கு நேரே வெள்ளைப் புகை, சூடானதும் நின்றுவிட்டது. கம்ப்ரஷன் 150, 155, 150, 145. ஆயில் மூடி சுத்தம். வாட்டர் பம்ப்பில் மட்டும் கசிவு, அதற்கு 2,000 குறைத்துக்கொண்டோம்.

சில்லறைச் சாமான், வயரிங் எல்லாம் சேர்த்து என்ஜினும் பாக்ஸும் 63-க்குப் போயின. புரொபெல்லர் ஷாஃப்ட் அவருக்குத் தேவைப்படவில்லை. ரசீதில் என்ஜின் நம்பரை எழுதுவதற்கு முன் பிளாக்கில் கிரீஸைத் துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம். ஒரு எழுத்தை 'பி'யா '8'ஆ என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. அதையும் போட்டோ எடுத்து ரசீதோடு வைத்திருக்கிறேன். ஆர்.சி.யை ஒப்படைக்க அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார், ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. ஸ்கிராப் மையத்தில் என்ஜின் இல்லாத கூட்டையும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், விலை கம்மி.

கூடு போவதற்குள் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: டேஷ்போர்டு (கடப்பாரை படாதது), மீட்டர் செட், முன், பின் கண்ணாடிகள், கதவுக் கைப்பிடிகள், ஸ்டீயரிங் பாக்ஸ், பின் ஹவுசிங், புரொபெல்லர் ஷாஃப்ட். பின் விளக்கு இடது பக்கம் முழுசு, வலது பக்கத்தில் ஓரத்தில் கீறல்.

குரோம்பம்பர்

இடது பின் விளக்கு எனக்கு. சனிக்கிழமை வருகிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

புதுப்பேட்டை_ஸ்பேனர்

வலது என் பேரில் எழுதுங்கள் தம்பி. கீறல் பரவாயில்லை.